எல்லாம் திரட்டியாகிவிட்டது, இதில் என் பங்கு எங்கே?

கேள்வி இது: "முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நூலகப் பயிற்சி வகுப்பில் தரவுத்தளங்களில் தேடுவது, நம்பகமான கட்டுரையைப் பிரித்தறிவது, மேற்கோள் குறிப்பு எழுதுவது எல்லாம் கற்றுக்கொண்டேன். 60 கட்டுரைகளைத் திரட்டி, முந்தைய ஆய்வுகள் பற்றிய அத்தியாயத்தை எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் படித்துவிட்டு, 'எல்லாம் சரி, இதில் உன் பங்கு எங்கே?' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தகவல் எழுத்தறிவு என்று சொல்லித்தருவதற்கும், அறிவை உருவாக்கு என்று அவர் எதிர்பார்ப்பதற்கும் என்ன தொடர்பு?"

உங்கள் நெறியாளர் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டும் ஒரே வேலை என்பதுதான் என் பதில். அந்த வேலையின் முதல் பாதியை வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள், நீங்களும் ஒழுங்காகச் செய்துவிட்டீர்கள். மறுபாதி எப்படி இருக்கும் என்று யாரும் காட்டவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு மாணவர்களோடு உட்கார்ந்து தேடிக் கொடுப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. உங்களைப் போல் கையில் 60 கட்டுரைகளோடும் முகத்தில் குழப்பத்தோடும் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லின் கதை. 'தகவல் எழுத்தறிவு' என்ற சேர்க்கையை 1974-ல் முன்வைத்தவர் பால் ஜுர்கோவ்ஸ்கி. அமெரிக்காவில் தகவல் தொழில் நிறுவனங்களுக்கான சங்கத்தின் தலைவராக இருந்தவர். தகவலைக் கருவியாக எடுத்துக் கையாளத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். 1989-ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு ஒன்று, தகவல் எப்போது தேவை என்று உணர்வது, அதைக் கண்டுபிடிப்பது, மதிப்பிடுவது, பயனுள்ள முறையில் பயன்படுத்துவது என்று அதற்கு வரையறை கொடுத்தது. 2000-ல் உயர்கல்விக்கென்றே ஐந்து தரநிலைகள் வந்தன. நீங்கள் படித்த பயிற்சி வகுப்பு பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான்: தேடு, சலித்தெடு, மேற்கோள் காட்டு.

அப்புறம் நூலகர்களுக்கே இதில் ஒரு போதாமை தெரிந்தது. இந்தப் பட்டியலில் தகவல் என்பது எங்கேயோ முடிந்துபோன பொருளாக இருக்கிறது, மாணவர் அதை எடுத்து வருபவராக இருக்கிறார். அந்தத் தகவலை யார், எப்படி உருவாக்கினார்கள், மாணவரும் ஒருநாள் உருவாக்குபவர் ஆவாரா என்ற கேள்விகளுக்கு அதில் இடம் குறைவு. அதனால் 2015-ல் அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் ஒரு புதிய சட்டகத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டே பழைய தரநிலைகளை விலக்கிக்கொண்டது. புதியதில் ஆறு கருத்துகள் உண்டு. அவற்றில் உங்கள் சிக்கலை நேராகத் தொடுவது ஒன்று: புலமை என்பது ஓர் உரையாடல். ஒவ்வொரு கட்டுரையும் தனக்கு முன்னால் பேசியவர்களுக்குச் சொல்லும் மறுமொழி. நீங்கள் திரட்டிய 60 கட்டுரைகளும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்கின்றன. உங்கள் அத்தியாயத்தில் அவை ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்று ஒப்பித்துவிட்டுப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த உரையாடலில் நுழைவது எப்படி? நான் கண்டதிலேயே உறுதியான வழி ஒன்றுதான்: ஒரு கூற்றை எடுத்து அதன் வேர் வரை போவது. சாதாரணமான சரிபார்ப்பு வேலைபோலத் தெரியும். ஆனால் அந்த வேலையே புதிய அறிவாக மாறிய சம்பவங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஆய்விதழில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் வந்தது. மொத்தம் ஐந்து வாக்கியங்கள். ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர் எழுதியது. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளைப் பார்த்தோம், அவர்களில் 11,882 பேருக்கு ஒருமுறையாவது போதைத்தன்மை உள்ள வலிநிவாரணி கொடுக்கப்பட்டிருந்தது, முன்பு அந்தப் பழக்கம் இல்லாதவர்களில் அடிமையானதாகத் தெளிவாகப் பதிவானவர்கள் நால்வர்தான் என்று அதில் சொல்லியிருந்தார்கள். கடிதம் சொன்னது அவ்வளவுதான். மருத்துவமனைக்குள், மருத்துவர்களின் கண்பார்வையில் மருந்து பெற்றவர்கள் அவர்கள். வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பின்னால் வந்தவர்கள் அதை எப்படி எடுத்தாண்டார்கள்? 'வலிக்காக இந்த மருந்துகளை எடுப்பவர்கள் அடிமையாவது அரிது' என்று பொதுவாக எழுதி, ஆதாரமாக இந்தக் கடிதத்தைப் போட்டார்கள். அவர்களைப் படித்தவர்கள் அப்படியே எடுத்து எழுதினார்கள். நாள்பட்ட வலிக்கு இந்த மருந்துகளைத் தாராளமாக எழுதிக் கொடுக்கலாம் என்ற எண்ணம் வளர்ந்த காலம் அது. வட அமெரிக்காவில் பலர் அந்த மருந்துகளுக்கு அடிமையானது எத்தனை குடும்பங்களைக் கலைத்தது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கொடுமைக்கு இந்த ஒரு கடிதம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் 'அறிவியல்படி பயமில்லை' என்ற துணிச்சலைக் கொடுத்ததில் அதற்குப் பங்கு உண்டு.

2017-ல் கனடா ஆய்வாளர்கள் சிலர் ஒரு வேலை செய்தார்கள். அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய எழுத்துகளைத் தேடி, 608 கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் அது எப்படிப் பயன்பட்டிருக்கிறது என்று படித்தார்கள். 72.2 சதவீதம் அதை 'அடிமையாவது அரிது' என்பதற்கான சான்றாகக் காட்டியிருந்தன. 80.8 சதவீதம், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைக் குறிப்பிடவே இல்லை. இந்தக் கண்டுபிடிப்பு அதே ஆய்விதழில் வெளிவந்தது. பழைய கடிதத்தின் மேல் ஒரு எச்சரிக்கைக் குறிப்பையும் அந்த இதழ் சேர்த்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆய்வகம் இல்லை, நோயாளிகளிடம் சோதனை இல்லை. உங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்த அதே மேற்கோள் தேடல்தான். ஆனால் அதுவரை உலகத்துக்குத் தெரியாத ஒன்று அதன் முடிவில் தெரியவந்தது. தேடுவதும் அறிவை உருவாக்குவதும் வேறு வேறு அறைகளில் நடப்பதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு கதை சின்னது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. பசலைக்கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்ற நம்பிக்கை, 19-ஆம் நூற்றாண்டில் ஒரு தசமப்புள்ளி இடம் மாறியதால் வந்த பிழை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மூலத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று மாணவர்களுக்கு அறிவுரை சொல்லும்போது ஆசிரியர்கள் இதை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. 1981-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் டெரன்ஸ் ஹாம்ப்ளின் எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவியது. 2010-ல் மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். அந்தத் தசமப்புள்ளிக் கதைக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. சரிபார்ப்பைப் போதிக்கச் சொன்ன கதையே சரிபார்க்கப்படாத கதை! நார்வே ஆய்வாளர் ஓலே பியோர்ன் ரெக்டால் 2014-ல் இதையே எடுத்து, கல்வி உலகத்தில் கட்டுக்கதைகள் எப்படி மேற்கோள் வழியாகப் பரவுகின்றன என்று தனிக் கட்டுரை எழுதினார். அதுவும் பின்னோக்கிப் போனதன் விளைவுதான்.

சரி, உங்கள் அத்தியாயத்துக்கு வருவோம். அதில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற, நீங்களும் யோசிக்காமல் எழுதிவிட்ட ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கும். 'பல ஆய்வுகள் நிறுவியுள்ளபடி' என்று தொடங்குகிற மாதிரி ஒன்று. அதை எடுங்கள். அதற்கு நீங்கள் கொடுத்த மேற்கோளைத் திறந்து, அவர் அதை எங்கிருந்து எடுத்தார் என்று பாருங்கள். அங்கே போங்கள். அவரும் இன்னொருவரைச் சுட்டினால் அங்கேயும் போங்கள். தரவு முதலில் பிறந்த இடம் வரும்வரை நிறுத்தாதீர்கள். அந்த இடத்துக்கு வந்ததும் யாரை ஆராய்ந்தார்கள், எத்தனை பேர், எந்த ஆண்டு, எந்தச் சூழல், ஆசிரியரே என்னென்ன வரம்புகளைச் சொல்லியிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே ஏறி வாருங்கள். ஒவ்வொரு படியிலும் எந்த நிபந்தனை உதிர்ந்தது? எங்கே 'சிலரிடம்' என்பது 'அனைவரிடமும்' என்று ஆனது? எங்கே 'தொடர்பு இருக்கலாம்' என்பது 'காரணம்' என்று ஆனது?

பின்னோக்கிப் போவது பாதி. முன்னோக்கியும் போக வேண்டும்: அந்த மூலத்தை அதற்குப் பின் யாரெல்லாம் எடுத்தாண்டார்கள், யாராவது மறுத்தார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இது செய்யவே முடியாத காரியம். ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பு அதற்கு முன்னால் வந்ததை மட்டும்தானே காட்டும்? யூஜின் கார்ஃபீல்ட் 1955-ல் 'சயன்ஸ்' இதழில் மேற்கோள்களுக்கே ஒரு அட்டவணை போடலாம் என்ற யோசனையை வெளியிட்டார். 1964-ல் அது அச்சில் தொகுதிகளாக வந்தது. இன்று கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, அதை மேற்கோள் காட்டியவர்களின் எண்ணிக்கையோடு ஒரு இணைப்பு இருக்கிறதே, அது அந்த யோசனையின் வழிவந்ததுதான். பெரும்பாலான மாணவர்கள் அதைச் சொடுக்குவதே இல்லை. எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு. அந்த ஒரு சொடுக்கில், நீங்கள் நம்பியிருக்கும் கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டதா என்பதுகூடத் தெரியவரலாம்.

இப்படித் தொடர்ந்து போகும்போது பிழைதான் கிடைக்கும் என்றில்லை. இணைப்பும் கிடைக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தகவலியல் அறிஞர் டான் ஸ்வான்சன் 1986-ல் செய்தது இந்த வகை. மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கிறது என்று ஒரு கூட்டம் எழுதிக்கொண்டிருந்தது. குளிர் பட்டால் விரல்களுக்கு இரத்த ஓட்டம் தடைபடும் ரேனோ நோயில் இந்த இரண்டும் கூடுதலாக இருக்கின்றன என்று இன்னொரு கூட்டம் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு கூட்டம் மற்றதை மேற்கோள் காட்டியதே இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்த ஸ்வான்சன், மீன் எண்ணெய் இந்த நோயாளிகளுக்கு உதவக்கூடும் என்ற கருதுகோளை முன்வைத்தார். 1989-ல் வெளியான ஒரு மருத்துவச் சோதனை, நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு அது பயன்தருவதைக் காட்டியது. ஸ்வான்சன் மருத்துவர் இல்லை. எல்லாமே நூலக அலமாரியில் எவருக்கும் கிடைக்கும்படி இருந்தவை. எல்லோர் கண்முன்னும் இருந்தும் யாரும் கண்டெடுக்காத அறிவு என்ற பொருளில் அவர் இதற்கு ஒரு பெயரும் வைத்தார். 1988-ல் ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் இடையே இதே முறையில் கவனிக்கப்படாத 11 தொடர்புகளைக் காட்டினார்.

எல்லோரும் ஸ்வான்சன் ஆக முடியாதுதான். ஆனால் முதுகலை அளவில் உங்களிடம் எதிர்பார்ப்பது உலகத்தை மாற்றும் கண்டுபிடிப்பு இல்லை. 60 கட்டுரைகளில் இரண்டு தரப்பும் ஒரே பொருளுக்கு இரு வேறு பெயர்கள் வைத்திருப்பதால் ஒன்றையொன்று படிக்காமல் இருக்கின்றன என்று காட்டினால் போதும், அது உங்கள் பங்கு. இதனால்தான் திறவுச்சொற்களை மாற்றி மாற்றித் தேடச் சொல்கிறார்கள். அதிக முடிவுகள் வருவதற்காக என்று மட்டும் அதைப் புரிந்துகொண்டால் நஷ்டம். ஒரு சொல் மாறினால் வேறொரு கூட்டத்தின் பேச்சு கேட்கத் தொடங்கும்.

எழுதும் முறை பற்றியும் சொல்லவேண்டும். கார்ல் பெரைட்டர், மார்லின் ஸ்கார்டமேலியா இருவரும் 1987-ல் எழுத்தை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, தெரிந்ததைச் சொல்வது. மற்றது, எழுதும்போதே தெரிந்ததை மாற்றியமைப்பது. உங்கள் அத்தியாயம் எந்த வகை என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அதன் பத்திகளைக் கலைத்து வேறு வரிசையில் அடுக்கிப் படியுங்கள். எந்தப் பத்தி முன்னால் வந்தாலும் ஒன்றும் கெடவில்லை என்றால் அது முதல் வகை. ஒரு பத்தி இடம் மாறினால் வாதமே சரிந்துவிடுகிறது என்றால் அங்கே உங்கள் சிந்தனை இருக்கிறது.

ஏன் பலருக்கு முதல் வகையே வருகிறது? படிக்கும் விதம்தான் காரணம். அமெரிக்காவில் 16 கல்லூரிகளைச் சேர்ந்த மாணவர்கள் எழுதிய 174 கட்டுரைகளை எடுத்து, அவற்றின் மேற்கோள்களை ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் சாண்ட்ரா ஜேமிசன், ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற பேராசிரியர்கள். மேற்கோள்களில் பத்தில் ஏழு, மூலத்தின் முதல் இரண்டு பக்கங்களிலிருந்தே வந்திருந்தன. முழுக் கட்டுரையின் வாதத்தையும் தொகுத்துச் சொன்ன இடங்கள் மிகக் குறைவு. முதல் இரண்டு பக்கத்தில் ஆசிரியர் தன் முடிவைத்தான் சொல்வார். அவர் எங்கே தயங்கினார், எதை விளக்க முடியாமல் விட்டார் என்பதெல்லாம் பின்பாதியில் இருக்கும். உங்களுக்கான இடம் பெரும்பாலும் அங்கேதான் திறந்திருக்கும். எனவே 60 கட்டுரைகளில் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஏழெட்டை மட்டும் கடைசி வரி வரை படியுங்கள். மற்றவற்றை இப்போதைக்கு அப்படியே விடலாம்.

இந்தக் கட்டத்தில் குழப்பம் கூடும். அதற்குப் பயப்படாதீர்கள். மாணவர்கள் தகவல் தேடும்போது மனநிலை எப்படி மாறுகிறது என்று கேரல் குல்தாவ் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு நிம்மதி வருகிறது. தேடித் தேடிப் படிக்கத் தொடங்கியதும் அது போய்விடுகிறது, சந்தேகமும் எரிச்சலும் வருகின்றன. தனக்கென்று ஒரு கோணம் பிடிபடும்போதுதான் தெளிவு திரும்புகிறது. நடுவில் வரும் அந்தத் தடுமாற்றம் வேலையின் பகுதி. அதைத் தன் குறை என்று நினைத்து, இன்னும் 20 கட்டுரைகள் திரட்டினால் சரியாகிவிடும் என்று போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். திரட்டுவதை நிறுத்திவிட்டு, இருப்பவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டிய நேரம் அது.

இணையத்தில் ஒரு தளத்தை நம்பலாமா என்பது பற்றி ஒரு வார்த்தை. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரை உட்காரவைத்துச் சில தளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். அறிஞர்களில் பலரும் மாணவர்களும் அந்தத் தளத்திலேயே மேலும் கீழும் படித்து, நேர்த்தியான வடிவமைப்பிலும் சின்னத்திலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே அங்கிருந்து வெளியேறி, வேறு தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். அவை பொருத்தமான சொற்களை அடுத்தடுத்து அடுக்குவதில் வல்லவை. அதனால் இல்லாத கட்டுரைக்கும் அச்சு அசலான தலைப்பு, ஆண்டு, ஆசிரியர் பெயர் கொடுத்துவிடும். 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர் இப்படி வந்த, நடந்தே இராத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். மாற்றுச் சொற்கள் கேட்க, கடினமான பத்தியை விளங்கிக்கொள்ள அவற்றைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 60 கட்டுரைகளையும் கொடுத்துச் சுருக்கம் கேட்காதீர்கள். எந்தப் படியில் எந்த நிபந்தனை உதிர்ந்தது என்று நீங்கள் தேடப்போகிறீர்கள், சுருக்கத்தில் முதலில் உதிர்வது அந்த நிபந்தனைகள்தான்.

நெறியாளரை அடுத்த முறை பார்க்கப் போகும்போது அத்தியாயத்தை முழுதாகத் திருத்தி எடுத்துப்போக வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஒரு வாக்கியத்தை ஒரு தாளின் மேலே எழுதுங்கள். அதன் மூலத்தை அடியில் எழுதுங்கள். நடுவில் வந்த கட்டுரைகளை ஆண்டுவாரியாக வரைந்து, சொல் மாறிய இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். அந்த ஒரு தாளை மேசையில் வைத்து, 'இந்த இடத்தில் இவர்கள் இதை விட்டுவிட்டார்கள், நான் இதைப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். மூலக் கட்டுரை பழையதாக இருந்து இணையத்தில் கிடைக்காவிட்டால் உங்கள் நூலகரிடம் சொல்லுங்கள். மற்ற நூலகங்களிலிருந்து கேட்டு வாங்கித் தரும் ஏற்பாடு எங்களிடம் உண்டு. சில நாள் ஆகலாம், ஆனால் அதைப் பார்க்காமல் அந்த வாக்கியத்தை எழுதிவிடாதீர்கள்.